டொக்டர் ஏன் கண்ணுக்குள் ரோச் அடிக்கிறார்?

"அப்பாவுக்குக் கையும் காலும்தானே இயங்கவில்லை, டொக்டர் ஏன் இமையைத் தூக்கி ரோச் அடித்துப் பார்த்தார்?" என்று சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பாரிசவாதம் என்றால் மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கும், அல்லது வெடித்துக் கசிந்திருக்கும். இடப்பக்க மூளை பழுதானால் வலக் கை கால் சோரும். இதெல்லாம் தெரிந்ததுதான். பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில்தான் இருக்கும். அந்த அளவு மாறுகிறதா என்றுதான் டொக்டர் பார்க்கிறார்.

உள்ளே இரத்தம் தேங்கினாலோ மூளை வீங்கினாலோ மண்டையோடு விரிந்து கொடுக்காது. மூளைதான் கீழே தள்ளப்படும். அப்போது காதுப் பக்க மூளையின் உட்கரை இறங்கி, மூன்றாவது மண்டையோட்டு நரம்பை நசிக்கும். கண்ணை அசைப்பது, இமையைத் தூக்குவது, கண்மணியைச் சுருக்குவது எல்லாம் இந்த நரம்பின் வேலை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. கண்மணியைச் சுருக்கும் மெல்லிய இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன, கண்ணை அசைக்கும் இழைகள் நடுவில். அதனால் வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் முதலில் அடிபடுவது கண்மணிதான். சுருக்க ஆளில்லாததால் பரிவு நரம்புகள் அதை அகல விரித்துவிடும். வெளிச்சம் பட்டாலும் சுருங்காது. சீனி வருத்தத்தில் இதே நரம்பு பழுதானால் நடப்பது வேறு: நடுப்பகுதிக்கு இரத்தம் போகாமல் இமை விழும், கண் அசையாது, ஆனால் மேற்பரப்பு இழைகள் தப்புவதால் கண்மணி பெரும்பாலும் ஒழுங்காகச் சுருங்கும். அழுத்தமா, இரத்தம் போகாததா என்பதை ஒரு ரோச் வெளிச்சத்திலேயே ஊகிக்கலாம். எவ்வளவு அழகான அமைப்பு!

கண்மணி இழைகள் பக்கம் மாறுவதுமில்லை. ஆகவே கசிவு இடப்பக்கம் என்றால் பொதுவாக வலக் கை சோரும், இடக் கண்மணி விரியும்.

கண்மணி விரிவது பிந்தி வரும் ஆபத்துக் குறி. வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தை நூல் கட்டுவதிலும் பார்வை பார்ப்பதிலும் கழிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. திருநீறு பூசுவதென்றால் அம்புலன்ஸுக்குள்ளேயே பூசலாம்.

கண்ணாடியில் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்த நோயும் இல்லாமலே கண்மணிகளில் சிறு வித்தியாசம் உண்டு, வழக்கமாக 1 மில்லிமீற்றருக்குள். அது பழைய வித்தியாசமா புதியதா என்று சந்தேகம் வந்தால், நோயாளியின் பழைய படமொன்றை வாங்கிப் பெரிதாக்கிப் பார்க்கும் டொக்டர்மாரும் இருக்கிறார்கள்.