குதிரைக்கு வைத்தியம் நடக்கும்போது உங்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்கிறார் கால்நடை மருத்துவர். ஊசி ஏறியதும் குதிரை துள்ளி உதைக்கிறது, உங்கள் முழங்கால் போய்விடுகிறது. விசாரிக்கப் போனால், "உங்க குதிரைதானே உதைச்சுது?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். மெரினாவிலும் ஊட்டியிலும் குதிரையை வைத்துப் பிழைக்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியோடு அடங்கிப் போகிறார்கள். அடங்க வேண்டியதில்லை.

இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. கவனக்குறைவால் வரும் காயத்துக்குப் பொதுவாக உள்ள சட்டம்தான் இங்கும். விலங்கை எப்படிக் கட்டுவது, மயக்க ஊசி தேவையா, யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயங்கள். வலிக்கும் இடத்தில் கை வைக்கப் போகிறார் என்று சொல்லாமல், கட்டாமல், உங்களைப் பின்னங்கால் பக்கம் நிறுத்தினால் அவரிடம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அதே சமயம், குதிரைக்கு உதைக்கும் பழக்கம் இருப்பது தெரிந்தும் நீங்கள் மறைத்திருந்தால் நஷ்டஈடு குறையும், இல்லாமலும் போகும். மருத்துவருக்கோ உதவியாளருக்கோ அடிபட்டிருந்தால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம். விலங்கைக் கவனமில்லாமல் வைத்திருந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதனால் "இது உதைக்கும் சார்" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சரி, எங்கே போய்க் கேட்பது? எல்லோரும் முதலில் சொல்வது நுகர்வோர் ஆணையம். இலவச சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு கால்நடை மருந்தகத்தில் அடிபட்டால் அந்தக் கதவு மூடியிருக்கும். பதிவுச் சீட்டுக்குக் கொடுத்த சில்லறையைக் காட்டியும் உள்ளே போக முடியாது. 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை என்றால் சிவில் நீதிமன்றம்தான். அதற்கும் முன்பாக அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இது தெரியாமல் நேரே மனுப் போட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, அலைந்தே சோர்ந்து போகிறார்கள்.

காசு வாங்கிப் பார்க்கும் தனியார் மருத்துவர் என்றால் வழி சுலபம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. புகார்க் கட்டணத்துக்கு ஆணையம் பார்ப்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை அல்ல, மருத்துவருக்கு நீங்கள் கொடுத்த தொகையை. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. கெடு இரண்டு வருடம். வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவர்கள் பல பேர் பில் தருவதில்லை. பில் இல்லாவிட்டால், "நான் காசே வாங்கவில்லை, உதவிக்குத்தான் போனேன்" என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புங்கள்.

எதிர்த்தரப்பு அடுத்து எடுக்கும் ஆயுதம், "குதிரையை வாடகைக்கு விடுகிறார், இது வியாபாரம், இவர் நுகர்வோரே அல்ல" என்பது. வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தியிருந்தால் அது வியாபாரக் கணக்கில் சேராது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. "சுயதொழில் மூலம் பிழைப்புக்காகவே இந்தக் குதிரையை வைத்திருக்கிறேன்" என்ற வரி உங்கள் புகாரின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதினால் பணம் வரும் என்று சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். கவுன்சில் மருத்துவரின் நடத்தையைத்தான் விசாரிக்கும். அங்கே நஷ்டஈடு கிடையாது. கால்நடைக் காப்பீடும் குதிரைக்குத்தான், அதைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அதில் ஒரு பைசா வராது.

யார் தப்பு என்ற கேள்வியே இல்லாமல் கிடைக்கக்கூடியது வங்கியின் 20 ரூபாய் இன்சூரன்ஸ், அதாவது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை சேரலாம். உயிர் போனாலோ இரண்டு கண், கை, கால் போனாலோ 2 லட்சம், ஒரு கண்ணோ கையோ காலோ போனால் 1 லட்சம். எலும்பு முறிந்து கூடிவிட்டால் எதுவும் இல்லை. காலை எடுத்திருந்தால்தான் தருவோம் என்று கவுண்டரில் சொன்னால் நம்பாதீர்கள். திரும்ப வராத அளவுக்குச் செயலிழந்திருந்தாலே போதும்.

அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாததால் பாலிசி செத்துப்போயிருக்கும், அடிபட்ட பிறகுதான் தெரியவரும். ஜூன் பிறந்ததும் பாஸ்புக்கில் பிடித்தம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், "எஃப்ஐஆர் இல்லாமல் வாங்க மாட்டோம்" என்று வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், "குதிரை உதைச்சதுக்கெல்லாம் எஃப்ஐஆரா?" என்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் நடந்தே கெடு முடிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். சாலை விபத்து, குற்றம் போன்றவற்றுக்குத்தான் போலீஸ் பதிவு. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனே எடுத்த மருத்துவமனைப் பதிவு போதும் என்று திட்ட விதியே சொல்கிறது. குதிரை உதையும் அந்த வகைதான் என்று எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

எல்லாமே அந்த மருத்துவமனைப் பதிவில்தான் நிற்கிறது. அடிபட்டவுடன் புத்தூர் கட்டுப் போடப் போய்விட்டு, வாரம் கழித்து ஜி.எச். போனால் பதிவில் "உடனே" என்பதே இருக்காது. முதல் நாளே ஜி.எச். போங்கள். விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) "கீழே விழுந்தார்" என்று எழுத விடாதீர்கள். "சிகிச்சையின்போது குதிரை உதைத்தது" என்று, இடத்தோடும் நேரத்தோடும் எழுதச் சொல்லி, ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சைக்கு முன் வாங்கும் ஒப்புதல் கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குதிரைக்கு வைத்தியம் செய்யச் சம்மதித்தீர்களே தவிர, கவனக்குறைவுக்குச் சம்மதிக்கவில்லை. பயப்பட வேண்டியது அப்புறம் வரும் கையெழுத்துக்கு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கொஞ்சம் பணத்தைக் கையில் வைத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் கைவைக்கும் முன் 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவியிடம் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு இல்லை. அவர்களிடம் வருமானச் சான்று கேட்டால், தேவையில்லை என்று சொல்லுங்கள்.