ஐந்து குட்டை, ஒன்று நெட்டை: ரேடியோ 4-இன் ஒரு நாள்

பிபிசி ரேடியோ 4-இல் பாட்டு அநேகமாகக் கிடையாது. காலை 6 மணிக்கு 'டுடே' செய்தி அலசல், அப்புறம் ஒரு பேட்டி, ஓர் அறிவியல் உரையாடல், மதியம் நாடகம், மாலையில் நகைச்சுவை, கிராமத்துத் தொடர் 'தி ஆர்ச்சர்ஸ்', நள்ளிரவு தாண்டிக் கடல் வானிலை என்று நாள் முழுக்கப் பேச்சுதான். 1967 செப்டம்பர் 30 முதல் பிரிட்டனில் இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை பேர் பேசும்போது யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும்.

ஏனென்றால் சரியான நேரம் காட்ட மணிக்கு மணி வரும் 'பிப்' ஒலிகள் யாருக்காகவும் காத்திருக்காது. மொத்தம் ஆறு. முதல் ஐந்தும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நீளம். ஆறாவது மட்டும் அரை விநாடி. எல்லாமே 1,000 ஹெர்ட்ஸ் சுருதி. முதல் பிப் 55-ஆவது விநாடியில் விழும். ஆறாவது பிப் தொடங்கும் கணம்தான் சரியான மணி. அது முடியும் கணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1924 பிப்ரவரி 5-இல் இவை முதன்முதலாக ஒலித்தபோது, கிரீனிச் வானாய்வகத்து ஊசல் கடிகாரங்களில் பொருத்திய மின் தொடர்புகள் இவற்றைக் கிளப்பின. 1990 முதல் பிபிசியே தயாரிக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும், இங்கிலாந்தின் ஆந்தார்ன் என்ற ஊரிலிருந்து நேரத்தைச் சொல்லும் 60 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலையும் அதற்கு ஆதாரம். பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட ஒரு விநாடி கூட்டும் நாளில் மட்டும் பிப் ஏழாகிவிடும்.

சரி, பேச்சை அந்த 55-ஆவது விநாடிக்குள் எப்படி முடிக்கிறார்கள்? பின்னாலிருந்து எண்ணித்தான். நிகழ்ச்சி 9:59:10-க்கு முடிகிறது என்று வையுங்கள். முதல் பிப்புக்கு 45 விநாடி இருக்கிறது. அடுத்து வரும் நாடகத்துக்கான விளம்பரத் துணுக்கு 30 விநாடி. மிச்சம் 15. ஆங்கிலம் வாசிக்கும் அறிவிப்பாளர் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று சொல் பேசுவார் என்றால், அவர் கையில் இருப்பது 45 சொற்கள். நேரலையில் ஒரு அமைச்சர் கூடுதலாக நான்கு விநாடி இழுத்தால் அதில் 12 சொல் போயிற்று. அதை அந்த நொடியிலேயே மனதுக்குள் வெட்ட வேண்டும். பிப் மேல் பேச்சு ஏறுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. கேட்கிறவருக்கோ, அவர் ஆற அமரப் பேசி முடித்தது போலத்தான் இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டும், இன்று பெரும்பாலானவர்களின் வீட்டில் பிப் தாமதமாகத்தான் ஒலிக்கிறது. டிஜிட்டல் வானொலியில் ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி, சுருக்கி, அலைத் தடங்கலில் ஒரு பகுதி போனாலும் மீட்க வசதியாகக் கலைத்து அனுப்புகிறார்கள். பெட்டி அதையெல்லாம் சேகரித்து அடுக்கிய பிறகுதான் பேசும். அதற்குச் சில விநாடிகள். இணையத்தில் இன்னும் மோசம். கைப்பேசி முன்கூட்டியே கொஞ்சம் சேமித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். முன்னதாகவே பிப்பை அனுப்பிவிடலாமே என்றால், ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு அளவு தாமதிக்கிறது. அனலாக் காலத்தில் கதை நேர்மாறு. லண்டன் கோபுரத்துப் பிக் பென் மணிக்கு அருகிலேயே ஒலிபரப்புக்கான ஒலிவாங்கி. கோபுரத்தின் அடியில் நிற்பவரிடம் ஒலி சுமார் 55 மீட்டர் இறங்கிவர ஆறில் ஒரு விநாடி பிடிக்கும். வானொலி அலை 200 கிலோமீட்டரை ஒரு மில்லி விநாடிக்குள் கடந்துவிடும். தொலைவில் பெட்டி முன் உட்கார்ந்தவர் முதலில் கேட்டுவிடுவார்!

நாடகத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் ஸ்டூடியோவில் இருக்கும் 'செத்த அறை'. வயல்வெளியில் நாம் பேசும் ஒலி போனது போனதுதான். திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. அறைக்குள் அப்படியல்ல. 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டு ஒலி திரும்ப 17, 18 மில்லி விநாடி ஆகும். அதை நாம் தனியாக எதிரொலி என்று உணர மாட்டோம். ஆனாலும் மூளை அதை வைத்தே இது குளியலறையா, கூடமா என்று கண்டுபிடித்துவிடும். ஆகவே வெளிப்புறக் காட்சி என்றால், சுவர், கூரை எல்லாம் ஒலியை உறிஞ்சும் பஞ்சு ஆப்புகள் பதித்த அறைக்குள் நடிகர்களை அனுப்புகிறார்கள். உள்ளே போனால் நம் குரலே சுருங்கிப்போனது போலிருக்கும். அதன் மேல் பறவைச் சத்தத்தைச் சேர்த்தால் வயல் தயார். பண்ணைக் கதவின் கிறீச்சுக்கு 'ஆர்ச்சர்ஸ்' குழு பழைய இஸ்திரி மேசை ஒன்றை மடக்கி விரித்திருக்கிறது. கண்ணுக்கு வேலை இல்லாததால் காது எதையும் நம்பிவிடுகிறது.

நள்ளிரவு 12:48-க்குக் கடல் வானிலை. பிரிட்டனைச் சுற்றியுள்ள 31 கடற்பகுதிகளுக்கும் சேர்த்து நானூறு சொல்கூடக் கிடையாது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதி வைத்த பொருள் உண்டு. 'விரைவில்' என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள். 'பிறகு' என்றால் 12 மணி நேரத்துக்கு மேல். ஒரு பகுதிக்கு 'நன்று' என்று மட்டும் வந்தால் கப்பலிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியும் என்று அர்த்தம். காற்று 'பின்வாங்குகிறது' என்றால் இடஞ்சுழியாகத் திசை மாறுகிறது. காகிதத்தில் குறித்துக்கொள்பவருக்காக நிதானமாகத்தான் வாசிப்பார்கள். அதற்கு முன் வரும் மெல்லிசை நிலையத்தின் ரப்பர் துண்டு: நேரம் மிஞ்சினால் நீளும், இல்லையென்றால் பாதியிலிருந்து ஒலிக்கும். கப்பலில் இருப்பவர் அலைவரிசையைப் பிடிக்கவும் அதுவே அடையாளம்.

அந்தக் கப்பல்களை எட்டியது 198 கிலோஹெர்ட்ஸ் நீண்ட அலை. ஒரு அலையின் நீளமே ஒன்றரை கிலோமீட்டர் என்பதால் நிலத்தையும் கடலையும் தழுவிக்கொண்டு வெகுதூரம் போகும். பக்கத்து நிலையத்தோடு இடிக்காமலிருக்க 4,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெட்டிவிட வேண்டியிருந்தது. இசைக்கு அது அநியாயம். பேச்சுக்குப் போதும், 'ஸ'வும் 'ஃப'வும் சற்றே குழம்பும், அவ்வளவுதான். அதே அலையில், அலையை இம்மியளவு முன்பின் நகர்த்தும், காதுக்கு எட்டாத சிறு நெளிவுகளாக இன்னொரு செய்தியும் பல பத்தாண்டுகள் போய்க்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் டாக்கர் என்ற கடற்பகுதியின் காற்றை வாசித்துக்கொண்டிருக்க, வீடுகளின் மின்மீட்டர்கள் அந்த நெளிவைப் படித்து மலிவுக் கட்டணத்துக்கு மாறி, வெப்பமூட்டிகளைப் போட்டுவிடும்.