தரவரிசையா, மதிப்பெண்ணா?

படித்து முடித்த நூலைப் பற்றிக் கருத்துப் பகிர்வோர், 'இந்த நாவலுக்கு என் தரவரிசை நான்கு' என்று எழுதுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ரேட்டிங் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் என்று நம்பியே எழுதுகிறார்கள். ஆனால் அது பிழை.

ரேட் என்பது 'கணக்கிடப்பட்ட' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரேங்க் என்பது வரிசையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்தது. தரவரிசை பின்னதற்கே உரியது. டென்னிஸ் வீரர் ஒருவர் உலகத் தரவரிசையில் நான்காவது என்றால், அவருக்கு முன்னே மூவர் இருப்பது விளங்கும். நாவலுக்கு 'தரவரிசை நான்கு' என்றால், அதற்கு முன்னே நிற்கும் மூன்று நூல்கள் எவை? அதைவிடப் பெரிய இடர், திசையே தலைகீழாவது. வரிசையில் ஒன்று என்பது முதலிடம். ஐந்துக்கு ஒன்று என்பதோ கடைநிலை. ஆகவே 'தரவரிசை ஒன்று' என்று படிப்பவர், நூல் போற்றப்படுகிறதா தூற்றப்படுகிறதா என்றறியாமல் திகைப்பார். சதுரங்கத்தில் இவ்வேறுபாடு தெளிவு: 2006 ஏப்ரலில் விசுவநாதன் ஆனந்த் பெற்றிருந்த 2803 என்பது புள்ளி, அப்புள்ளியைக் கொண்டு அவர் பிறரிடையே பெறும் இடமே தரவரிசை.

'தரமதிப்பீடு' என்பாரும் உளர். வரிசைக் குழப்பம் இதில் இல்லை என்றாலும் தரம் என்ற சொல் இங்கே மிகை. வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திரம் இடும், 2007-இல் தொடங்கிய குட்ரீட்ஸ் தளத்தில் ஒரு நட்சத்திரத்துக்குப் 'பிடிக்கவில்லை', மூன்றுக்குப் 'பிடித்திருந்தது' என்றே பொருள் வைத்திருக்கிறார்கள். அது படித்தவரின் விருப்பத்தைச் சொல்கிறது, நூலின் தரத்தையன்று. தரம் சொல்வதானால், நன்னூல் பாயிரம் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் எனக் குற்றம் பத்தையும் அழகு பத்தையும் பிரித்துக் காட்டுவதுபோல, இன்ன காரணத்தால் என்று காட்டியாக வேண்டும். ஒற்றை எண் அந்தச் சுமையைத் தாங்காது.

என் தேர்வு மதிப்பெண். பள்ளித் தேர்வை நினைவூட்டுகிறது என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். விடைத்தாளைத் திருத்துபவரும் படித்துப் பார்த்து, இத்தனைக்கு இத்தனை என்றுதான் இடுகிறார். செயல் ஒன்றாக இருக்கும்போது சொல்லும் ஒன்றாக இருப்பது எப்படிக் குறையாகும்? மேலும், மதித்தல் என்பதற்கு அளவிடுதல், போற்றுதல் ஆகிய இரு பொருளும் உண்டு. அதே வேரில் பிறந்த மதிப்புரை நம் இதழ்களில் நெடுநாளாக வழங்குகிறது. உரையால் மதிப்பது மதிப்புரை, எண்ணால் மதிப்பது மதிப்பெண். இவ்வளவு இயல்பான இணை கைவசம் இருக்க, வேறொன்றைத் தேடி அலைவது எனக்கு வருத்தமளிக்கிறது.

செயலிகளைத் தமிழாக்குவோர்மீது எனக்குள்ள குறையும் இதுவே. சொல்லைத் தனியே பெயர்த்துவிட்டு, அது எந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது என்று பார்ப்பதில்லை. ஒருமுறை சேர்த்துப் படித்திருந்தால் 'தரவரிசை 4.2' என்று எழுதியிருக்க மாட்டார்கள். எந்த வரிசையிலும் 4.2ஆம் இடம் என்று ஒன்று கிடையாது.