உந்துபொருள்: எரியாததை எரிபொருள் என்பது ஏன்?

"செனான் எரிபொருளில் இயங்கும் அயனி எஞ்சின்" என்று எழுதுவது தமிழ் அறிவியல் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. செனான் ஒரு மந்த வாயு. அது நிரம்பிய குடுவைக்குள் எரியும் குச்சியை நுழைத்தால் குச்சிதான் அணையும். அதை எரிபொருள் என்று அழைக்க எந்த நியாயமும் இல்லை. ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் புரொப்பெல்லன்ட். விண்வெளி பற்றிய செய்தி என்றதும் அதற்கு எரிபொருள் என்று எழுதக் கை பழகிவிட்டது.

புரொப்பெல்லன்ட் இலத்தீனிலிருந்து வந்த சொல். 'ப்ரோ' என்றால் முன்னே, 'பெல்லெரே' என்றால் தள்ளுதல். விமானத்தின் புரொப்பெல்லருக்கும் இதே வேர்தான். வாசனைத் தெளிப்பான் டப்பாவுக்குள் அழுத்தி அடைத்திருக்கும் வாயுவுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். அந்தச் சொல்லில் நெருப்பு எங்குமே இல்லை.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் உந்துபொருள். உந்துதல் என்றால் தள்ளுதல், முன்செலுத்துதல். பேருந்திலும், ஈழத்தவர் வழங்கும் உந்துருளியிலும் இருப்பது இந்த வேர்தான். இயற்பியல் பாடநூல் நிறையையும் வேகத்தையும் பெருக்கிவரும் அளவை உந்தம் என்கிறது. ராக்கெட்டின் கணக்கு முழுவதும் உந்தக் கணக்கு. எவ்வளவு நிறையை எவ்வளவு வேகமாகப் பின்னால் வீசுகிறோமோ அவ்வளவு உந்தம் கலத்துக்கு முன்னால் கிடைக்கிறது. வீசப்படும் அந்த நிறைதான் உந்துபொருள். வேரும் இயற்பியலும் இவ்வளவு பொருந்திவரும் கலைச்சொற்கள் நமக்கு அதிகம் இல்லை.

எரிபொருளும் உந்துபொருளும் வினைத்தொகைகள். வினைத்தொகைக்குள் மூன்று காலமும் மறைந்து நிற்கும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எரிபொருள் என்றால் எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள். செனான் எஞ்சினுக்குள் எரிந்ததில்லை, எரிவதில்லை, எரியப்போவதுமில்லை. மூன்று காலத்திலும் பொய்யான பெயரை அதற்குச் சூட்டுகிறோம்.

நாசாவின் டான் விண்கலத்தைப் பார்ப்போம். 2007இல் புறப்பட்டு வெஸ்டா என்ற சிறுகோள், செரஸ் என்ற குறுங்கோள் இரண்டையும் சுற்றி ஆராய்ந்த கலம். ஏறத்தாழ 425 கிலோ செனான் கொண்டுபோனது. எஞ்சின் அறைக்குள் எலக்ட்ரான்கள் செனான் அணுக்களை மோதி மின்னேற்றம் பெற்ற அயனிகளாக்கும். துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் அந்த அயனிகளை நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் வெளியே வீசும். உச்ச உந்துவிசை 90 மில்லிநியூட்டன்தான். உள்ளங்கையில் இரண்டு A4 தாள்கள் அழுத்தும் அளவுக்கு அருகில். ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் இயங்கியதால் கலத்தின் வேகத்தை நொடிக்கு 11 கி.மீ.க்கு மேல் மாற்ற முடிந்தது. இத்தனைக்கும் ஆற்றல் தந்தவை சூரியத் தகடுகள். செனான் வீசுபொருள் மட்டுமே.

2018இல் டான் ஓய்ந்தபோது "எரிபொருள் தீர்ந்தது" என்று எழுதினார்கள். உண்மையில் தீர்ந்தது ஹைட்ரசீன், கலத்தின் திசையைத் திருப்பும் சிறு உந்திகளுக்கானது. அங்கேயும் எதுவும் எரியவில்லை. இரிடியம் பூசிய வினையூக்கிப் படுகையில் பட்டதும் ஹைட்ரசீன் தானாகச் சிதைந்து நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா கலந்த சூடான வாயுவாகிறது. எரிய ஆக்சிஜன் தரும் ஆக்சிஜனேற்றி கிடையாது, சுடர் கிடையாது. இப்படித் தனியாக நின்று வேலைசெய்வதை ஒற்றை உந்துபொருள் என்கிறோம். அது 2 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறைந்துவிடும் என்பதால் குழாய்களைச் சுற்றிச் சூடேற்றிகள் வேண்டும். சூடேற்றி பழுதானால் தொட்டியில் உந்துபொருள் இருந்தும் உந்தியால் பயனில்லை. இதே ஹைட்ரசீன் குடும்பம் ஓர் ஆக்சிஜனேற்றியோடு சேரும் எஞ்சின்களில் முறையான எரிபொருள். ஆகவே எரிபொருள் என்பது அந்த எஞ்சினில் ஒரு பொருள் செய்யும் வேலைக்கான பெயர். பொருளுக்கு நிலையாக ஒட்டிய பெயர் அல்ல.

வேதி ராக்கெட்டுகளில் இந்தக் குழப்பம் இன்னும் தீங்கானது. அங்கே உந்துபொருள் என்பது எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் சேர்ந்த கூட்டு. அதில் எடையில் பெரும்பங்கு ஆக்சிஜனேற்றி. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் செம்மஞ்சள் நிறப் புறத்தொட்டியில் திரவ ஹைட்ரஜன் சுமார் 106 டன், திரவ ஆக்சிஜன் சுமார் 629 டன். இரண்டையும் சேர்த்து "735 டன் எரிபொருள்" என்று எழுதுபவர், எரியவே செய்யாத ஆக்சிஜனை எரிபொருளாக்கிவிடுகிறார். ராக்கெட் ஏன் இவ்வளவு கனம் என்ற கேள்விக்கு அந்த 629 டன்தான் விடை. காற்றில்லாத இடத்துக்குப் போகிறவர் காற்றையும் சுமந்துதான் போக வேண்டும். ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கும்போது வாசகருக்கு அந்த விடையே கிடைக்காமல் போகிறது.

மங்கள்யானையும் இப்படித்தான் எழுதினார்கள். 1337 கிலோ எடையில் 852 கிலோ உந்துபொருள். செய்தியில் அது 852 கிலோ எரிபொருள். இவ்வகை எஞ்சினில் ஆக்சிஜனேற்றியான நைட்ரஜன் டெட்ராக்சைடு, எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசீனைப் போல ஏறத்தாழ 1.65 மடங்கு எடையில் செலவாகும். அப்படியென்றால் எரிபொருள் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. இந்த 1.65க்கும் காரணம் உண்டு. அந்த விகிதத்தில் இரண்டும் ஒரே கன அளவுக்கு வரும், எனவே ஒரே அளவில் இரண்டு தொட்டிகள் செய்தால் போதும். விகிதம் பிசகினால் ஒரு தொட்டி முன்னதாகக் காலியாகி மற்றதில் மிச்சமிருப்பது வெறும் சுமையாகிவிடும். "எரிபொருள் மீதமிருக்கிறது" என்று மட்டும் சொன்னால் எந்தத் தொட்டியில் மீதம் என்ற கேள்வியே எழாது.

கசிவுச் செய்திகள்தான் மிக மோசம். மூன்று நிகழ்வுகளை வரிசையாக வையுங்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 ஏவல் தள்ளிப்போனது திரவ ஹைட்ரஜன் கசிவால். 2025 ஜூனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா செல்லவிருந்த ஃபால்கன்-9 ராக்கெட்டின் ஏவல் தள்ளிப்போனது திரவ ஆக்சிஜன் கசிவால். 2024இல் போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலத்தில் கசிந்தது ஹீலியம். மூன்றையும் "எரிபொருள் கசிவு" என்று எழுதினால் முதலாவது மட்டுமே சரி. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பற்றும். ஒரு பொறி போதும். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோ நாரோ அதில் ஊறினால் சாதாரணப் பொருளும் வெறியோடு எரியும். ஹீலியத்துக்குத் தீயோடு எந்தத் தொடர்பும் இல்லை. தொட்டியிலிருக்கும் உந்துபொருளை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவது அதன் வேலை. அது தீர்ந்தால் தொட்டி நிறைய உந்துபொருள் இருந்தும் உந்திகள் ஊமையாகிவிடும். அதற்கு அழுத்தவாயு என்ற எளிய பெயர் போதும். மூன்றும் மூன்று வகை ஆபத்து, மூன்று வகைப் பழுதுபார்ப்பு.

எரிபொருளின் குறையை உணர்ந்த சிலர் உந்து எரிபொருள் என்ற சொல்லைக் கொண்டுவருகிறார்கள். இதை எரிபொருளைவிட அபாயமானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் பார்வைக்குத் துல்லியமாகத் தெரிகிறது. செனானுக்கு அது பொருந்தாது. செயற்கைக்கோள்கள் வீசும் கிரிப்டான், ஆர்கானுக்குப் பொருந்தாது. குளிர்ந்த நைட்ரஜனைப் பீச்சும் எளிய உந்திக்கும் பொருந்தாது. உந்து என்ற நல்ல சொல்லை முன்னால் ஒட்டவைத்து, பின்னால் பழைய பிழையை அப்படியே விட்டுவைக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள்: யுரேனியம் எரியாது, ஆனாலும் அணு எரிபொருள் என்கிறோம், சொல்லின் பொருள் விரியக்கூடாதா? விரியலாம். யுரேனியம் ஆற்றலின் ஊற்று என்பதால் அந்த விரிவு ஏற்கத்தக்கது. செனான் ஆற்றலே தருவதில்லை. விரிந்த பொருளிலும் அது எரிபொருள் ஆகாது. இதை அழகாக நிரூபித்தது அமெரிக்காவின் நெர்வா அணு ராக்கெட் திட்டம். 1960களில் நெவாடா பாலைவனத்தில் எஞ்சின்களை ஓட்டிச் சோதித்தார்கள். 1973இல் திட்டம் கைவிடப்பட்டது. அதில் யுரேனியம் எரிபொருள், உலை வெப்பத்தில் விரிந்து வெளியேறும் ஹைட்ரஜன் உந்துபொருள். காற்றில் கொழுந்துவிட்டு எரியும் ஹைட்ரஜன் அந்த எஞ்சினுக்குள் எரிவதே இல்லை. இந்த எஞ்சினைப் பற்றி உந்து எரிபொருள் என்ற சொல்லை வைத்து ஒரு தெளிவான பத்தி எழுதவே முடியாது. அணுவெப்ப ராக்கெட்டுகள் பற்றிய பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது, மொழிபெயர்ப்பவர்கள் இதை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

வாசகருக்குப் புரிய வேண்டாமா என்று பத்திரிகை ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நாள்தோறும் பேருந்து ஏறும் வாசகருக்கு உந்துபொருள் புரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கில நாளிதழ்களும் தளர்வாக எல்லாவற்றையும் ஃப்யூயல் என்கின்றன என்பது உண்மை. அவர்களுடைய சோம்பலைத் தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

இதே அலட்சியம் பக்கத்துச் சொல்லையும் பாதித்திருக்கிறது. புரொப்பல்ஷன் என்பதற்கு உந்துவிசை என்று எழுதுகிறார்கள். உந்துவிசை என்பது நியூட்டனில் அளக்கும் விசை, ஆங்கிலத்தில் த்ரஸ்ட். செயலுக்கும் துறைக்கும் உந்துகை என்ற சொல் உண்டு. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தின் பெயரில் உந்தும என்ற வடிவம் வழங்குகிறது. இரண்டில் எதை ஏற்றாலும் எனக்குச் சம்மதம், விசையை மட்டும் விசைக்கே விட்டுவைக்க வேண்டும்.

இந்தப் பிரிவினை இருந்தால்தான் ஜப்பானின் இகாரோஸ் பற்றியும் எழுத முடியும். 2010இல் ஏவப்பட்டு, 14 மீட்டர் பக்கமுள்ள மெல்லிய சதுரப் பாயை விரித்து, சூரிய ஒளியின் அழுத்தத்தால் நகர்ந்த கலம். ஒளி அதற்குத் தந்த உந்துவிசை 1.12 மில்லிநியூட்டன். பாய் விரித்தபின் அந்த நகர்வுக்கு எதையும் பின்னால் வீசவில்லை. உந்துகை உண்டு, உந்துவிசை உண்டு, உந்துபொருள் இல்லை.