எர்த்: வண்டியில் அது உடலிணைப்பு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிற தம்பி ஒருவன் போன வாரம் போடியில் என் கடைக்கு வந்தான். சீட்டுக்கு அடியில் ஏர் கம்ப்ரசரை அவனே மாட்டியிருக்கிறான். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு பாறைப் பாதையில் ஏறி, இறங்கி வந்ததும் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் மோட்டார் முனகுகிறதே தவிர காற்று ஏறவில்லை. கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மிதியடிக்குக் கீழே, பெயின்ட் அடித்த தகட்டில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. தொட்டால் சுட்டது.

“அண்ணே, தரையிலதான மாட்டச் சொல்லிருக்கு?” என்று பெட்டியோடு வந்த தாளைக் காட்டினான். ‘கறுப்புக் கம்பியைத் தரையுடன் இணைக்கவும்’ என்றுதான் இருந்தது. அவன் மேல் தப்பே இல்லை. ஜீப்பில் தரை என்றால் கால் வைக்கிற தகடுதானே!

இந்தத் ‘தரை’யை இதோடு எத்தனை தாளில் பார்த்துவிட்டேன்! 1838இல் மியூனிக்கைச் சேர்ந்த ஸ்டைன்ஹைல் என்பவர், தந்தியில் மின்சாரம் திரும்பி வரத் தனிக் கம்பி வேண்டாம், மண்ணே போதும் என்று கண்டார். மண் வழியாகத் திரும்புவதால் ஆங்கிலேயருக்கு அது எர்த், அமெரிக்கருக்கு கிரவுண்ட். வண்டி வந்தபோது, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுவரும் அந்த மண்ணின் வேலையை இரும்பு உடல் எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை. கிரவுண்டை அகராதியில் பார்த்து எழுதினால் ‘தரை’ வராமல் என்ன செய்யும்?

சரி, ‘புவியிணைப்பு’ என்று போடலாமே என்பார்கள். வீட்டுக்கு அது அருமையான சொல். குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர்கூட ஊற்றுகிறோம். அங்கே புவி நிஜமாகவே இருக்கிறது. வண்டியோ நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிறது. மண்ணுக்கும் அதன் மின்சாரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

‘எதிர்முனை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இன்றைய வண்டிகளில் மைனஸ்தான் பாடியில் சேர்கிறது, உண்மைதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்ஸைத்தான் பாடியில் சேர்த்திருந்தார்கள். அதுவும் எர்த்தான். ஆகவே எதிர்முனை வேறு, எர்த் வேறு.

மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்கிறார்கள். விடை அந்தப் ‘பாடி’யில்தான் இருக்கிறது. அதனால் எழுத்தில் ‘உடலிணைப்பு’ என்பேன். எங்கே சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. ஜீப்பில் உடல் வேறு, அடிச்சட்டம் (சேசிஸ்) வேறு, நடுவே ரப்பர் இருக்கிறதே என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் ‘சட்ட இணைப்பு’ என்றால் கோர்ட் ஞாபகம் வருகிறது. இரண்டையும் ஒரு பட்டை வயரால் கோத்துவிட்டால் உடலிணைப்பு என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்தும். பேச்சில் எர்த் இருந்துவிட்டுப் போகட்டும், அதை விரட்ட வேண்டாம். என் கோபமெல்லாம் வண்டியைத் திறந்தே பார்க்காமல் எழுதுகிற மொழிபெயர்ப்பின் மேல்தான். அதே தாளில் வயரிங் ஹார்னஸுக்குக் ‘கம்பிச் சேணம்’ என்று போட்டிருக்கிறார்கள். குதிரையா பூட்டுகிறோம்? கம்பித்தொகுப்பு என்றால் புரியாதா? ஃபியூஸுக்கு உருகி என்ற நல்ல சொல் மட்டும் எப்படியோ சரியாக வந்திருந்தது.

சொல் தப்பினால் என்ன ஆகும் என்பதை மீட்டர் காட்டியது. கம்ப்ரசர் ஓடும்போது அந்த வயர் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 1.5 வோல்ட். மோட்டார் இழுப்பது 30 ஆம்பியர். பெருக்கினால் 45 வாட், ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகம். அத்தனையும் அந்தப் பெயின்ட்டில் சூடாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் இருவருமாக உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். மோட்டாரின் சத்தமே மாறிவிட்டது. தாளில் அந்த வரியை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: ‘கறுப்பு வயர்: உடலிணைப்பு. பெயின்ட்டைச் சுரண்டவும். ரிலேயில் (மோட்டாரை முடுக்கும் சுவிட்ச்) 85 என்று போட்ட முனைக்கும் இதேதான்.’