ரத்த அழுத்தம் சரிவதற்கு முன்

காய்ச்சலும் குளிர்நடுக்கமுமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒருவரின் ரத்த அழுத்தம் 110/50 என்றிருந்தால், மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது கவலைக்குரியதாகத் தோன்றாது. ஆனால் அவருடைய நாடி நிமிடத்துக்கு 118 ஆகவும் மூச்சு 26 ஆகவும் இருக்குமானால், அந்த 110 உடல் பெரும்பாடு பட்டுத் தக்கவைத்திருக்கும் எண் என்று பொருள். செப்சிஸ் நோயாளிகளுள் யார் ரத்த அழுத்தம் சரிந்துவிடும் செப்டிக் ஷாக் நிலைக்குச் செல்லப்போகிறார் என்று கணிப்பது, பெரும்பாலும் உடல் படும் இந்தப் பாட்டை அளந்தறியும் முயற்சியே.

கிருமித்தொற்றை எதிர்க்க எழும் உடலின் எதிர்வினை கட்டுமீறி, தன் உறுப்புகளையே செயலிழக்கச் செய்வதுதான் செப்சிஸ். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களால் ரத்தக்குழாய்ச் சுவர்களில் நைட்ரிக் ஆக்சைடு மிகுதியாகச் சுரக்க, குழாய்கள் தளர்ந்து விரிகின்றன; நுண்குழாய்களின் உள்படலம் சிதைந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிகிறது. அகன்றுபோன, ஆங்காங்கே ஒழுகும் குழாய்களில் நீரழுத்தம் குறையாமலிருக்க மோட்டார் வேகமாக ஓடவேண்டியிருப்பதைப் போல, இதயம் விரைந்து துடிக்கிறது. அதே வேளையில் தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் உடல் முன்னுரிமை தருகிறது. இந்த ஈடுகட்டல் தோற்ற பிறகே ரத்த அழுத்தம் விழுகிறது. 2016இல் வெளியான பன்னாட்டு வரையறைப்படி, போதிய திரவம் ஏற்றிய பின்னும் சராசரித் தமனி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவில் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, சர்க்கரை சிதையும்போது உண்டாகும் லாக்டேட் என்னும் பொருளும் ரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டியிருந்தால் அது செப்டிக் ஷாக். அந்நிலையை எட்டியோரில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறக்கின்றனர்.

ஆகவே, அழுத்தம் நன்றாக இருக்கும்போதே மற்றவற்றைப் படிக்கவேண்டும். நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது ஷாக் குறியீடு. ஆரோக்கியமானவரிடம் அது 0.5க்கும் 0.7க்கும் இடையே இருக்கும். மேலே சொன்ன நோயாளியிடம் 1.07. கீழ் அழுத்தம் 50 வரை இறங்கியிருப்பதும் குழாய்கள் தளர்ந்திருப்பதற்கான அடையாளம். முழங்காலைச் சுற்றித் திட்டுத்திட்டாகப் படரும் நீலநிறம், அழுத்திவிட்ட விரல்நுனியில் ரத்தம் திரும்ப 3 வினாடிக்கு மேலாவது, சிறுநீர் குறைவது, காரணம் புரியாத குழப்பம் ஆகியவையும் இதே கணக்கில் சேரும். இவற்றுக்குக் கருவி ஏதும் பெரிதாகத் தேவையில்லை என்பதாலேயே இவை அலட்சியப்படுத்தப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் இந்த எண்கள் எல்லோரிடமும் ஒரே பொருள் தருவதில்லை. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவரின் நாடி, ஆபத்திலும் 90ஐத் தாண்டாமல் இருக்கலாம். வழக்கமாக 160இல் இருக்கும் உயர் ரத்த அழுத்தக்காரருக்கு 110 என்பதே வீழ்ச்சி. முதியவருக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம்.

லாக்டேட் இந்தத் திரையை ஓரளவு விலக்குகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது அது பெருகும் என்பதே வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான். நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலின், ஆக்சிஜன் இருக்கும்போதே சர்க்கரைச் சிதைவை முடுக்கிவிடுவதாலும் லாக்டேட் உயர்கிறது. கல்லீரல் நலிந்திருந்தால் அதை வெளியேற்றுவதும் தாமதமாகும். எப்படியாயினும், அழுத்தம் இயல்பாக இருந்தும் லாக்டேட் 4ஐத் தொட்டவரை, ஷாக்கில் இருப்பவராகவே கருதிக் கவனிப்பது அறிவுடைமை. ஒற்றை அளவைவிட, சில மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது அளவு இன்னும் தெளிவாகப் பேசும்.

படுக்கையருகே கணக்கிடத்தக்க மதிப்பெண் முறைகளும் உண்டு. மூச்சு 22 அல்லது அதற்கு மேல், மேல் அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், மாறிய நினைவுநிலை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் எச்சரிக்கை என்னும் குவிக் சோஃபா 2016இல் அறிமுகமானது. அது காட்டும் நோயாளி உண்மையிலேயே ஆபத்தில் இருப்பார். ஆனால் ஆபத்திலிருக்கும் பலரை அது காட்டுவதில்லை. அதனால் நோயாளிகளைச் சலித்தெடுக்கும் ஒரே கருவியாக அதை மட்டும் கொள்ளவேண்டாம் என்று 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறிவிட்டது.

மின்னணு மருத்துவப் பதிவுகளைத் தொடர்ந்து படித்து எச்சரிக்கும் கணினி நிரல்கள் மேல் இயல்பாகவே நம்பிக்கை எழுந்தது. ஆனால் அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் நிரலை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளில் 67 விழுக்காட்டினரை அது தவறவிட்டது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்டோரில் 18 விழுக்காட்டினருக்கு அது எச்சரிக்கை ஒலித்தும் இந்த நிலை. அந்த நிரல் கணக்கில் கொண்ட தரவுகளுள் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டதும் ஒன்று. மருத்துவர் செப்சிஸை ஐயுற்ற பிறகே அந்த மருந்து எழுதப்படுகிறது என்பதால், இத்தகைய நிரல் நோயாளியைக் கணிக்காமல் மருத்துவரின் ஐயத்தையே எதிரொலிக்கக்கூடும். லாக்டேட்டிலும் இதே சிக்கல் உண்டு. சந்தேகப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனையே செய்யப்படுகிறது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரூஸ் என்னும் நிரல், ஐந்து மருத்துவமனைகளில் பயன்பட்டு 2022இல் நல்ல முடிவுகளைத் தந்தது. எச்சரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் மருத்துவப் பணியாளர் அதை உறுதிசெய்த நோயாளிகளிடையே இறப்பு குறைந்திருந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட சோதனையன்று அது. ஆகவே அந்தக் குறைவில் நிரலின் பங்கு எவ்வளவு, அழைத்தவுடன் படுக்கையருகே வந்து பார்த்தவரின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.