லைக்காவின் இதயத்துடிப்பும் பெல்காவின் வாந்தியும்: விண்வெளி நாய்கள் மருத்துவர்களுக்குச் சொன்னவை

விண்வெளிக்கு மனிதனை அனுப்பலாமா என்று ராக்கெட் பொறியாளர்கள் கேட்கத் தொடங்கிய காலத்தில், அவர்களுக்கு உறுதியான பதில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியவில்லை. ராக்கெட் மேலெழும்போது உடலை அழுத்தும் விசையை இதயம் தாங்குமா என்பதையாவது, ஆளை நீண்ட கையின் நுனியில் அமர்த்திச் சுழற்றும் எந்திரத்தால் தரையிலேயே ஓரளவு சோதித்துவிடலாம். எடையின்மையைத் தரையில் உண்டாக்க வழியே இல்லை. விமானத்தை வளைகோட்டுப் பாதையில் ஏற்றி இறக்கினாலும் ஏறக்குறைய அரை நிமிடத்துக்குத்தான் அந்த நிலை கிடைக்கும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் எடையின்றி மிதக்கும் உடலில் இரத்தம் எப்படி ஓடும், உணவு எப்படி இறங்கும், மூளை திசையை எப்படி அறியும் என்பவற்றுக்கு, ஓர் உயிரை மேலே அனுப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அமெரிக்கர்கள் இதை முதலில் தொடங்கினார்கள். 1947 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து, போரில் கைப்பற்றிய ஜெர்மானிய வி-2 ராக்கெட்டில் பழ ஈக்கள் 109 கி.மீ. உயரம் வரை சென்று உயிருடன் திரும்பின. அடுத்து ரீசஸ் குரங்குகளின் முறை வந்தது. 1949 ஜூனில் 'ஆல்பர்ட் 2' என்ற குரங்கு 134 கி.மீ. உயரத்தைத் தொட்டது, இறங்கும்போது பாராசூட் செயலிழந்ததால் தரையில் மோதி இறந்தது. இந்தக் குரங்குகளுக்கு மயக்க மருந்து கொடுத்தே அனுப்பினார்கள். விழித்திருக்கும் உடல் அச்சத்துக்கும் அழுத்தத்துக்கும் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை மயங்கிக் கிடக்கும் உடல் சொல்லாது.

சோவியத் மருத்துவர்கள் நாயைத் தேர்ந்தெடுத்தது வேறு கணக்கில். உடலியங்கியல் அறிஞர் பாவ்லோவின் காலத்திலிருந்து நாயின் உடலியங்கியலை ரஷ்ய ஆய்வகங்கள் நுணுக்கமாக அறிந்திருந்தன. பழக்கினால் நாய் விழித்தபடியே நெடுநேரம் ஓரிடத்தில் அடங்கியிருக்கும். மருத்துவர் விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கியின் குழு மாஸ்கோவின் தெருநாய்களைத் திரட்டியது. குளிரையும் பசியையும் தாங்கிப் பிழைத்தவை என்பதே அவற்றின் தகுதி. ஆறேழு கிலோ எடையுள்ள பெண் நாய்களே வேண்டும் என்றார்கள், ஏனென்றால் கழிவைச் சேகரிக்கும் கருவியைக் காலைத் தூக்காத பெண் நாய்க்குப் பொருத்துவது எளிது. வெளிர் நிறம் கறுப்பு வெள்ளைப் படத்தில் நன்றாகத் தெரியும் என்பதும் கணக்கில் இருந்தது. தேர்வானவற்றை வரவரச் சிறிதாகும் கூண்டுகளில் நாள்கணக்கில் அடைத்து, அதிர்வுக்கும் பேரிரைச்சலுக்கும் பழக்கினார்கள். இரத்த அழுத்தத்தை அளப்பதற்காகச் சில நாய்களுக்குக் கழுத்துத் தமனியை அறுவை செய்து வெளிப்புறமாக இழுத்து, தோல் மடிப்புக்குள் வைத்துத் தைத்தார்கள். அந்த மடிப்பின் மேல் அளக்கும் பட்டையைச் சுற்றலாம். படிக்கவே கூசுகிற இந்த ஏற்பாட்டினால்தான், தொட்டுப் பார்க்க மருத்துவர் இல்லாத இடத்திலிருந்து உடலின் எண்கள் வானொலி அலைகளாகத் தரைக்கு வந்தன.

1951 ஜூலை 22 அன்று தேசிக், சிகான் என்ற இரு நாய்கள் கபூஸ்தின் யார் தளத்திலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உயரம் வரை சென்று நலமாக இறங்கின. ஒரு வாரத்தில் தேசிக்கை மறுபடியும் அனுப்பினார்கள். அந்த முறை பாராசூட் திறக்கவில்லை. தேசிக்கும் அதனுடன் சென்ற லிசா என்ற நாயும் இறந்தன.

இப்படி மேலே போய்க் கீழே விழும் பயணங்களில் எடையின்மை சில நிமிடங்களே நீடித்தது. பூமியைச் சுற்றும் பாதையில்தான் அது தொடர்ந்து கிடைக்கும். 1957 அக்டோபர் 4 அன்று உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததும், புரட்சியின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்குள் இன்னொரு சாதனை வேண்டும் என்று சோவியத் தலைவர் குருஷேவ் கேட்டார். ஏறக்குறைய நான்கு வாரங்களில் இரண்டாம் ஸ்புட்னிக் தயாரானது. சுற்றுப்பாதையிலிருந்து ஒரு கலத்தைத் திருப்பிக் கொண்டுவரும் வழி அப்போது எவரிடமும் இல்லை. நவம்பர் 3 அன்று அதில் ஏற்றப்பட்ட லைக்கா என்ற நாய் திரும்பாது என்பது அதை ஏற்றியவர்களுக்கு முன்பே தெரியும்.

கலம் மேலேறும்போது லைக்காவின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 103 என்ற நிலையிலிருந்து 240க்கு உயர்ந்தது. மூச்சு மூன்று, நான்கு மடங்கு வேகமானது. எடையின்மை தொடங்கியபின் துடிப்பு மெல்லத் தணிந்து, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 102க்கு வந்தது. தரையில் சுழல் எந்திரத்தில் இதே அளவு அழுத்தத்துக்குப்பின் நாய் அமைதியடைய எடுத்துக்கொண்ட நேரத்தைப்போல் இது மூன்று மடங்கு. எடையின்மை இதயத்தை நிறுத்திவிடாது என்பது உறுதியானது. ஆனால் அந்தத் தாமதத்துக்கு எடையின்மை காரணமா, அச்சமா, ஏறும் வெப்பமா என்று பிரித்தறிய இந்த ஒரு நாயின் எண்கள் போதவில்லை.

வெப்பம்தான் லைக்காவைக் கொன்றது. வெற்றிடத்தில் மிதக்கும் கலத்தைச் சுற்றிக் காற்று இல்லாததால், அது தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே இழக்க முடியும். உள்ளேயும் எடையின்மையில் சூடான காற்று மேலெழுவதில்லை. விசிறி தள்ளாவிட்டால் உடலைச் சுற்றிய வெங்காற்று அங்கேயே தேங்கும். ஸ்புட்னிக்கில் விசிறி இருந்தது, கரியமில வாயுவை உறிஞ்சி ஆக்சிஜன் தரும் வேதிப்பொருளும் இருந்தது. ஆனால் கலம் ராக்கெட்டின் மையப் பகுதியோடு ஒட்டியபடியே சுற்றியது. சேர்ந்த வெப்பத்தை அந்த ஏற்பாட்டால் வெளியேற்ற முடியவில்லை. நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. சுற்றியுள்ள காற்று சூடேறி ஈரமும் மிகுந்தால் அந்த வழி அடைபடும். அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டியது. ஏவப்பட்ட ஐந்து முதல் ஏழு மணி நேரத்துக்குள் லைக்காவின் உடலிலிருந்து வந்த குறிகள் நின்றுபோயின. பல நாள்கள் உயிருடன் இருந்தது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. 2002இல் ஹியூஸ்டனில் நடந்த மாநாட்டில்தான் ரஷ்ய அறிவியலாளர் ஒருவர் உண்மையை வெளியிட்டார்.

லைக்காவைப் பயிற்றுவித்தவர்களில் ஒருவரான ஒலெக் கசென்கோ, அந்த நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அந்தப் பயணத்திலிருந்து தாங்கள் கற்கவில்லை என்று 1998இல் வருத்தத்தோடு கூறினார். அறிவியல் கணக்காகப் பார்த்தாலும் அவர் சொன்னது சரி என்றே கருதுகிறேன். திரும்பி வராத உடலைப் பரிசோதிக்க முடியாது. அதன் இரத்தம், எலும்பு, தசை, குட்டிகள் எதுவும் ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. சில மணி நேர எண்களோடு பாடம் முடிந்துவிடுகிறது.

1960இல் திட்டம் முற்றிலும் வேறு தன்மை பெற்றது, ஏனெனில் இப்போது இலக்கே திரும்பி வருவதாக இருந்தது. ஜூலை 28 அன்று ராக்கெட் சிதறியதில் பார்ஸ், லிசிச்கா என்ற இரு நாய்களும் இறந்தன. ஆகஸ்ட் 19 அன்று பெல்கா, ஸ்திரெல்கா என்ற நாய்கள் எலிகள், ஈக்கள், செடிகளோடு புறப்பட்டு, ஒரு நாளுக்கு மேல் பூமியைச் சுற்றி, மறுநாள் உயிருடன் இறங்கின. ஸ்திரெல்கா பின்னர் ஆறு குட்டிகளை ஈன்றது. அவற்றில் புஷின்கா என்ற ஒன்றை குருஷேவ் 1961இல் கென்னடி குடும்பத்துக்கு அனுப்பினார். குட்டிகள் நலமாகப் பிறந்தது மருத்துவர்களுக்கு முக்கியமான செய்தி.

அதைவிட முக்கியமானது, கேமராவில் பதிவான ஒரு காட்சி. முதலில் அசைவற்றுக் கிடந்த நாய்கள் மெல்ல இயல்புக்கு வந்தன; ஆனால் நான்காம் சுற்றில் பெல்கா குரைத்து, கட்டுகளை இழுத்து, வாந்தி எடுத்தது. காரணம் உட்செவியில் இருந்தது. அங்கே உணர்மயிர்ச் செல்களின் மேல் பாகுபோன்ற ஒரு படலமும், அதன்மேல் கால்சியம் கார்பனேட் துகள்களும் உள்ளன. தலை சாய்ந்தால் துகள்களின் எடை படலத்தை இழுக்கும், மயிர்கள் வளையும், கீழ் எது மேல் எது என்று மூளை அறியும். எடையின்மையில் துகள்கள் இழுப்பதை நிறுத்திவிடுகின்றன, ஆனால் கண்கள் வழக்கம்போல் அறையின் தரையையும் கூரையையும் காட்டுகின்றன. இரண்டு செய்திகளும் முரண்படும்போது மூளை குமட்டலால் பதில் தருகிறது. சில நாள்களில் அது செவியின் செய்தியைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளும்.

பெல்காவின் நிலையைக் கண்ட மருத்துவர்கள், முதல் மனிதப் பயணம் ஒரே ஒரு சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்று வலியுறுத்தினார்கள். டிசம்பர் முதல் நாள் சென்ற ப்சோல்கா, முஷ்கா என்ற நாய்கள் திரும்பும் வழியில் கலத்தோடு அழிந்தன; 1961 மார்ச்சில் செர்னுஷ்காவும் ஸ்வியோஸ்தச்காவும் ஆளுக்கு ஒரு சுற்று சுற்றிப் பத்திரமாக இறங்கின. ஏப்ரல் 12 அன்று விண்வெளி சென்ற முதல் மனிதரான ககாரின் அதே ஒரு சுற்றைச் சுற்றினார். ஆகஸ்டில் ஒரு நாளுக்கு மேல் பறந்த இன்னொரு சோவியத் வீரர் திதோவ், பெல்காவைப்போலவே குமட்டி வாந்தி எடுத்தார். அமெரிக்கத் தரப்பில், 1961 ஜனவரி 31 அன்று ஹாம் என்ற சிம்பன்சி விளக்கைப் பார்த்து நெம்புகோலை இழுக்கும் வேலையை எடையின்மையிலும் ஏறத்தாழத் தரையில் செய்த வேகத்திலேயே செய்து, கையும் மூளையும் அங்கே ஒத்துழைக்கும் என்று காட்டியது.

நீண்ட தங்கலின் விளைவை முதலில் சொன்னவை வெத்ரோக், உகல்யோக் என்ற நாய்கள். 1966 பிப்ரவரி 22 அன்று காஸ்மோஸ் 110 கலத்தில் புறப்பட்டு 22 நாள்கள் சுற்றின. மனிதர் எவரும் 1971 வரை அந்தக் காலத்தைக் கடக்கவில்லை. இறங்கியபோது அவை நிற்கவே தடுமாறின. உடலில் நீர் குறைந்து, தசை சுருங்கி, எலும்பிலிருந்து கால்சியம் கரைந்திருந்தது. எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் நம் உடலில் ஓயாமல் வேலை செய்கின்றன. கட்டுவதற்குத் தூண்டுதல், எடையைச் சுமக்கும்போது எலும்பில் உண்டாகும் நுண்ணிய வளைவு. சுமை நின்றால் கட்டுமானம் குறையும், கரைப்பு தொடரும். இன்றும் விண்வெளி வீரர்கள் இடுப்பு எலும்பில் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டை இழக்கக்கூடும் என்பதால்தான் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

அந்த ஆய்வு இப்போது சர்வதேச விண்வெளி நிலையத்தில் சுண்டெலிகளிடம் தொடர்கிறது. 2019 டிசம்பரில் 40 சுண்டெலிகள் அங்கே சென்றன. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அவற்றில் சிலவற்றுக்கு நீக்கப்பட்டிருந்தது. வேறு சிலவற்றுக்கு அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து தரப்பட்டது. சாதாரணச் சுண்டெலிகள் தசையையும் எலும்பையும் கணிசமாக இழந்தபோது, மரபணு நீக்கப்பட்டவை தங்கள் தசையைப் பெருமளவு காத்துக்கொண்டன. மருந்து பெற்றவற்றுக்கு எலும்பும் இழப்பிலிருந்து தப்பியது. 2020 ஜனவரியில் எல்லாம் உயிருடன் பூமிக்கு வந்தன. திரும்பியபின் மருந்து தொடங்கப்பட்ட சுண்டெலிகள், தரப்படாதவற்றைவிட விரைவாகத் தசையை மீட்டன.